எண்ணெய்க் கை

நல்ல பேர் எடுக்க இருபது வருசம் ஆகும், அதைக் கெடுக்க ஒரு போன் போதும். சங்கரேஸ்வரி டீச்சருக்கு அந்தப் போன் ஆடி மாதத்து வெள்ளிக்கிழமை மத்தியானம் வந்தது. பிள்ளைகள் சாப்பிட்டுவிட்டுக் குழாயடியில் தட்டுக் கழுவிக்கொண்டிருந்தார்கள். எவன் தட்டோ கை நழுவி விழுந்து உருண்டது, மற்றதுகள் என்னத்தையோ கத்திச் சிரித்தன, இவள் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் போனை வைத்தாள். வட்டாரக் கல்வி அலுவலர் உமாசங்கர் பேசினார். சாயங்காலம் தென்காசி ஆபீசுக்கு ஒரு எட்டு வந்துட்டுப் போங்க, சின்ன விஷயம்தான் என்றார். அதிகாரி சின்ன விஷயம் என்று சொன்னால் வயிற்றைப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான். நிஜமாகவே சின்ன விஷயம் என்றால் வாட்ஸப்பில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள்.

பழைய குற்றாலம் போகிற ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற சின்ன ஊர் அது. அறுபத்தோரு பிள்ளைகள், மூன்று பேர் பாடம் நடத்த. தலைமையாசிரியர் செல்லச்சாமி சாருக்கு நாலும் ஐந்தும். ஒன்றும் இரண்டும் ஜெயசித்ராவுக்கு. நடுவில் மூன்றாம் வகுப்பு, இருபத்திரண்டு உருப்படி, சங்கரேஸ்வரியின் பாடு.

அவளுக்கு ஒரு கெட்டிக்காரத்தனம் உண்டு, அதைச் சொல்லியாக வேண்டும். பத்து நிமிசத்துக்குள் முடிகிற வாசிப்புப் பாடம் எழுதுவாள். எட்டே வரி. ஒரு வரியில் நாலு வார்த்தைக்கு மேல் கிடையாது. பிள்ளைகளுக்கு எந்த எழுத்து முரண்டு பிடிக்கிறதோ அந்த எழுத்தை அநேகமாய் வரிக்கு ஒரு தடவை கொண்டுவந்து நிறுத்துவாள். கடைசி வரியில் பிள்ளை ஒன்று சிரிக்க வேண்டும், இல்லையென்றால் வாயைப் பிளக்க வேண்டும். இதற்காகத் தினமும் காலையில் முதல் பத்து நிமிசம் புத்தகத்தையே தொடமாட்டாள். ஆளுக்கொரு சேதி சொல்லுங்கலே என்பாள். அதுகளும் சொல்லும், குரங்கு வந்து இட்லியைத் தூக்கினது, அருவியில் தண்ணி கூடினது, மாமா வண்டியில் விழுந்தது என்று. நல்ல சேதியைப் போர்டில் எழுதி எல்லாரையும் வாசிக்கவைப்பாள், டைரி ஓரத்தில் கிறுக்கியும் வைப்பாள். யார் என்ன சொன்னாலும் எழுதிக்கொள்ளுகிற கை அவளுக்கு.

அந்தக் கெட்டிக்காரத்தனத்தால்தான் வட்டாரத்தில் ஆறு பேரைப் பொறுக்கி வாசிப்புக் குழு போட்டபோது இவள் பேரும் வந்தது. மூன்றாம் வகுப்புக்கு ஆடியில் நடக்கிற வாசிப்புச் சோதனைக்கு ஆளுக்கு நாலு அட்டை எழுதித் தர வேண்டும். எழுதினதை ஒருத்தர் கண்ணிலும் காட்டக் கூடாது, சொந்தப் பள்ளிக்கூடத்தில் மூச்சு விடக் கூடாது, அதுதான் ஒரே சட்டம். இருபத்துநாலு அட்டையில் ஒன்றை ஆபீசில் குலுக்கி எடுப்பார்கள். வேறு பள்ளி டீச்சர் வந்து ஒவ்வொரு பிள்ளையாய்க் கூப்பிட்டு, கையில் அட்டையைக் கொடுத்து, ஒரு நிமிசம் வாசிக்கச் சொல்லிக் குறித்துக்கொண்டு போவார். புதன்கிழமை வந்து போயிருந்தார்கள். அந்த நாளில் சங்கரேஸ்வரிக்குத் தென்காசியில் பயிற்சி, அவள் பள்ளியில் இல்லை. இல்லாமல் போனதே வினையாகப் போச்சு.

உமாசங்கர் உட்காரச் சொன்னார், டீ வாங்கித் தந்தார். குலுக்கலில் விழுந்தது உங்க அட்டைதான் என்று எடுத்து மேசைமேல் வைத்தார். அவள் எழுதின ‘எண்ணெய்க் கை’ அட்டை, பளபளவென்று.

*அப்பா கை வழுக்கும்.*
*சோறு உண்ணும் தட்டு வழுக்கும்.*
*தண்ணீர்த் தம்ளர் வழுக்கும்.*
*கதவின் தாழ் வழுக்கும்.*
*குழாய் வழுக்கும், சோப்பும் வழுக்கும்.*
*மழையில் குடை வழுக்கும்.*
*அப்பா என்னைத் தூக்குவார்.*
*நான் மட்டும் வழுக்க மாட்டேன்.*

வட்டாரம் முழுக்க இந்த அட்டையில் பாதிப் பிள்ளைகள் திக்கித் திணறியிருக்கின்றன. இவள் வகுப்பில் மட்டும் இருபத்திரண்டில் பத்தொன்பது பேர் ஒரு பிசிறு இல்லாமல் வாசித்திருக்கிறார்கள். அது போகட்டும். சோதிக்க வந்த டீச்சர் கைப்பட ஒரு குறிப்பு எழுதியிருந்தார். ஏழெட்டுப் பிள்ளைகள் கடைசி வரிக்கு வரும்போது அட்டையைப் பார்க்கவே இல்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொல்லின, ஒரு பெண் சிரித்துக்கொண்டே சொன்னது, என்று.

“நான் ஒங்களச் சந்தேகப்படுதேன்னு சொல்லல டீச்சர்” என்றார் உமாசங்கர். “ஆனா எழுதுனவங்க நீங்க, வாசிச்சது ஒங்க பிள்ளைய. திங்கக்கெழமைக்குள்ள ஒரு விளக்கம் எழுதிக் குடுத்துருங்க.”

பனைமரத்தடியில் உட்கார்ந்து பாலைக் குடித்தாலும் கள்ளென்றுதான் சொல்லும் ஊர். விளக்கம் சரியில்லை என்றால் குழுவிலிருந்து தூக்குவார்கள், பிள்ளைகள் மார்க்கையெல்லாம் அடித்துவிடுவார்கள். அதுகூடப் பெரிசில்லை. மாதக் கூட்டத்தில் நூறு டீச்சர்மார் முன்னால் பேரைச் சொல்லிக் கேட்பார்கள். இருபது வருசமாய் ஒரு நாள் லீவைக்கூடப் பொய் சொல்லிப் போடாதவள் அவள். கேள்வித்தாளைத் திருடி விற்றவளைப் பார்க்கிற மாதிரி அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்களே.

அவள் யாரிடமும் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரியும், குற்றாலநாதருக்கும் தெரியும். அப்படியென்றால் வேறு எவரோ சொல்லியிருக்க வேண்டும். அங்கேதான் பிடித்தது சனியன்.

சனிக்கிழமை முழுக்க அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. புருசன் வேல்ராஜ் புளியறை செக்போஸ்டில் ஏட்டு. நைட் ட்யூட்டி முடிந்து வந்து சோற்றுக்கு உட்கார்ந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஒரு பதற்றமும் காட்டவில்லை, ரசத்தைப் பிசைந்துகொண்டே தொழில் ரகசியம் ஒன்றைச் சொன்னார்.

“லாரில எவன் எதை ஒளிச்சு வச்சாலும் அந்த எடத்த மட்டும் பாக்கமாட்டான்ட்டி. மத்த எல்லா எடத்தையும் நமக்குத் தொறந்து தொறந்து காட்டுவான். யாரு எதப் பாக்காம இருக்காங்கன்னு பாரு, ஆள் சிக்கிரும்.”

சொல்லிவிட்டு அவர் தூங்கப் போய்விட்டார். இவள் அதைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் செல்லச்சாமி சார். வருகிற மே மாதம் ரிட்டையர்டு. போகிற நேரத்தில் பள்ளிக்கூடத்துக்கு ஒரு பேர் வாங்கித் தர ஆசைப்பட்டிருக்கலாம். ஆனால் அந்த மனுசனுக்கு வாட்ஸப்பில் வருகிற சுற்றறிக்கையைத் திறக்கவே ஐந்தாம் வகுப்புப் பையன் வேண்டும். அவராவது அட்டையைத் திருடவாவது. அவரைத் தள்ளியாயிற்று.

மிச்சம் ஜெயசித்ரா.

பேர் மனசில் வந்ததும் முதலில் சீ என்றுதான் இருந்தது. ஏழு வருசமாய் ஒரே ஸ்கூட்டியில் போய் வருகிறார்கள். தென்காசியில் கோயில் வாசலுக்குப் பக்கத்துப் பூக்கடை முன்னால் ஜெயசித்ரா நிற்பாள். ஏறினதும் வலது கையை இவள் தோளில் போடுவாள், வாயைத் திறப்பாள், பள்ளிக்கூடம் வந்துதான் மூடுவாள். மாமியார் சண்டை, புருசன் குறட்டை, சீட்டு எடுத்தது, எடுக்காதது எல்லாம் அந்தத் தோள் வழியாகத்தான் சங்கரேஸ்வரிக்கு வந்து சேரும். சங்கரேஸ்வரிக்குக் கர்ப்பப்பை ஆபரேசன் நடந்தபோது பதினைந்து நாள் இவள் வகுப்பையும் சேர்த்து மேய்த்தவள் அவள்.

ஆனால் சந்தேகம் என்பது பாத்திரத்தில் ஒட்டின அடி மாதிரி, சுரண்டச் சுரண்ட வந்துகொண்டே இருக்கும். அட்டைகளை லேமினேட் செய்யப் போன அன்று கூட வந்தது யார்? ஜெயசித்ரா. கடையில் கரண்டு போய் அரை மணி நேரம் நிற்கையில் அட்டைக் கவரை யார் கையில் கொடுத்துவிட்டு இவள் காய்கறி வாங்கப் போனாள்? ஜெயசித்ரா கையில். திரும்பி வரும்போது அவள் போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாளா இல்லையா? குழுவுக்குப் பேர் கேட்டபோது அவளும் எழுதிக் கொடுத்தாள், அவளை எடுக்கவில்லை. அதுக்கென்னக்கா, நீங்க போனா நான் போன மாதிரி என்று சொன்னாள். அப்போது அது பாசமாகப் பட்டது. இப்போது யோசித்தால், இவ்வளவு சுலபமாகவா ஒருத்தி விட்டுக்கொடுப்பாள்? சோதனைக்கு முந்தின நாள், செவ்வாய்க்கிழமை மத்தியானம் இவள் ஆபீஸ் வேலையாய்ப் போயிருந்தபோது மூன்றாம் வகுப்பைப் பார்த்துக்கொண்டதும் அவள்தான். செல்லச்சாமி சாருக்குப் போன் போட்டுப் பேச்சுக் கொடுத்ததில், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே நடத்தினாள் என்று தெரிந்தது. எதற்குக் கதவைச் சாத்த வேண்டும்?

குரங்குக்காகச் சாத்தியிருப்பாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் எல்லாரும் குரங்குக்குத்தான் கதவைச் சாத்துவார்கள், சங்கரேஸ்வரியே தினம் சாத்துகிறவள்தான். ஆனால் அரண்டவன் கண்ணுக்குக் குரங்கு தெரியுமா, பேய்தான் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை விளக்கம் எழுதினாள். இரண்டு பக்கம். அட்டைகளை எப்படி எழுதினாள், எங்கே வைத்தாள், எப்போது ஒப்படைத்தாள் என்று சுத்தமாக எழுதினாள். ஜெயசித்ரா பேரை எழுதவில்லை. எழுத மனசு வரவில்லை, அந்த அளவுக்கு அவள் கெட்டுப்போகவில்லை.

திங்கட்கிழமை காலை ஜெயசித்ரா வழக்கம்போல ஏறினாள், கையைத் தோளில் போட்டாள். சாரல் முகத்தில் அடிக்கிறது, சீசன் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது, ஜெயசித்ரா பின்னால் உட்கார்ந்து தன் நாத்தனார் வளைகாப்புக் கதையை ஆரம்பித்தாள். சங்கரேஸ்வரி கண்ணாடியில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒரு வேன்காரன் திட்டினான். சோதனை எப்படிப் போச்சாம் என்று ஜெயசித்ரா ஒரு வார்த்தை கேட்கவில்லை. வளைகாப்பு, வளையல், புளியோதரை என்று எல்லாவற்றையும் திறந்து திறந்து காட்டினாள், அந்த ஒன்றை மட்டும் தொடவில்லை. செக்போஸ்ட் பாடம் அச்சு அசலாகப் பொருந்துகிறதே என்று சங்கரேஸ்வரி நினைத்தாள்.

மத்தியானம் மிச்சமும் நடந்தது. குழாயடியில் இரண்டாம் வகுப்புப் பொடியன் ஒருத்தன் தட்டைக் கீழே போட்டான். சுற்றி நின்ற நண்டு சிண்டெல்லாம் ஒரே குரலில் கத்தின. தட்டு வழுக்கும், தம்ளர் வழுக்கும், நான் மட்டும் வழுக்க மாட்டேன்! கத்திவிட்டு ஒருத்தர் கையை ஒருத்தர் அடித்துக்கொண்டு சிரித்தன. சங்கரேஸ்வரிக்குத் தலையில் இடி விழுந்தது. அவள் வகுப்பு இல்லை, இரண்டாம் வகுப்பு. ஜெயசித்ரா வகுப்பு. அந்தக் குட்டிகளுக்கு அவள் அட்டையின் கடைசி வரி எப்படித் தெரியும்? ஜெயசித்ரா வாசலில் நின்று அதுகளோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள், துளிகூடக் கூச்சம் இல்லாமல்.

சாயங்காலம் அவளைப் பூக்கடையில் இறக்கிவிட்டு, உமாசங்கர் ஆபீஸ் வாசலில் ஸ்டாண்டு போட்ட ஸ்கூட்டி சீட்டில் வைத்தே விளக்கத்தின் அடியில் ஒரு வரி சேர்த்தாள். ‘லேமினேஷன் கடைக்கு என்னுடன் வந்து, அட்டைகளைச் சிறிது நேரம் கையில் வைத்திருந்தவர் எங்கள் பள்ளி ஆசிரியை திருமதி ஜெயசித்ரா என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.’ அவள்தான் திருடினாள் என்று எழுதவில்லை. பணிவுடன் தெரிவித்துக்கொண்டாள், அவ்வளவுதான். கிளார்க் சீல் குத்தி, பதிவேட்டில் ஏற்றி, நம்பர் போட்டுக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழரைக்கு ஜெயசித்ராவிடமிருந்து வாட்ஸப் வந்தது. இன்னைக்கு நான் பெர்மிஷன் அக்கா, நீங்க போயிருங்க. ஒரு காரணம் இல்லை, ஒரு பூப்படம் இல்லை. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள். தோளில் கை இல்லாமல் அன்று போனது லேசாக இருந்தது என்றுகூட நினைத்தாள், படுபாவி.

அன்று சேதி சொல்லுகிற பத்து நிமிசத்தைச் சேதிக்கு விடவில்லை. கதவைச் சாத்தினாள். பிள்ளைகளை எழுப்பி நிறுத்தி, எண்ணெய்க் கைப் பாடம் ஒங்களுக்கு முன்னாலயே தெரியும்லா, யாரு சொல்லித் தந்தா, உண்மையைச் சொன்னா ஒண்ணும் செய்யமாட்டேன் என்றாள். ஒண்ணும் செய்யமாட்டேன் என்று பெரியவர்கள் சொன்னால் என்னவோ செய்யப்போகிறார்கள் என்று எட்டு வயசுப் பிள்ளைக்கும் தெரியும். இருபத்திரண்டும் தரையைப் பார்த்தன. சித்ரா டீச்சர் சொன்னாங்களா என்று கேட்டாள். ஒரு பையன் ஆமா என்று தலையாட்டினான். அடுத்து ஹெச்.எம். சார் சொன்னாரா என்றாள். அதற்கும் அவனே ஆமா என்று ஆட்டினான். முருகன் சொன்னாரா என்றால் அதற்கும் ஆட்டியிருப்பான்.

மூன்றாவது வரிசையில் ஸ்வாதி. குருவி மாதிரி இருப்பாள், பேச்சு கொஞ்சம் திக்கும், அப்பா மெயின் அருவியில் சீசனுக்கு எண்ணெய் தேய்க்கிறவர். போன வருசம் ஒரு வரி வாசிக்கக் கண்ணில் தண்ணி விடுகிற பிள்ளை. ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கடைசி வரி சொன்னதும் அவள்தான். அவள் கையைத் தூக்கினாள்.

“நான்தான் டீச்சர் சொன்னேன்.”

சங்கரேஸ்வரி பக்கத்தில் போனாள். குரலைக் குறைத்துக்கொண்டாள்.

“யாருகிட்டட்டி சொன்ன?”

“ஒ... ஒங்ககிட்டதான்.”

ஸ்வாதி திக்கித் திக்கி, அழுகைக்கு நடுவில் சொன்னாள். பள்ளிக்கூடம் திறந்த புதுசில் காலைச் சேதியில் அவள் சொன்னதுதானாம். எங்க அப்பா கையி எப்பவும் எண்ணெயா இருக்கும், தட்டு வழுக்கும், தம்ளர் வழுக்கும், என்னையத் தூக்குனா மட்டும் நான் வழுக்க மாட்டேன் என்று. டீச்சர் சிரித்தார்களாம், போர்டில் எழுதினார்களாம், எல்லாரும் வாசித்தார்களாம். அன்றிலிருந்து எவன் தட்டைக் கீழே போட்டாலும் பள்ளிக்கூடமே அதைச் சொல்லித்தான் கத்துகிறதாம். சோதனை அன்றைக்கு வந்த அட்டையில் தன்னுடைய சேதி அச்சுப்போல இருக்கிறதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது, அது தப்பா டீச்சர் என்று கேட்டாள்.

சங்கரேஸ்வரி மேசையில் கிடந்த டைரியை எடுத்தாள். நாலு நாளாய் வீட்டுக்கும் பள்ளிக்கும் சுமந்துகொண்டு திரிகிறாள், ஒரு தடவை பிரிக்கவில்லை. ஜூன் பத்தொன்பது, பக்க ஓரம், அவள் கிறுக்கல். ‘ஸ்வாதி - அப்பா கை - தட்டு, தம்ளர் - என்னைத் தூக்கினா மட்டும் வழுக்க மாட்டேன் - ழ-வுக்கு ஆகும்.’ ஊரையெல்லாம் சோதனை போட்டவள் தன் லாரியைத் திறந்து பார்க்கவில்லை.

எப்படி மறந்தாள் என்று கேட்பீர்கள். வாத்தியார் வர்க்கத்துக்கே உள்ள வியாதி அது. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ழகரத்துக்குப் பாடம் வேண்டுமென்று டைரியைப் புரட்டியிருக்கிறாள். அந்த மூன்று வரிக்கு நடுவில் தாழையும் குழாயையும் மழையையும் குடையையும் தான் செருகினாள். வெட்டி, ஒட்டி, வார்த்தை எண்ணிச் சரிபண்ணி முடிக்கும்போது முழுசும் தன்னுடையதாகிவிட்டது. அருவிக்கரையில் எண்ணெய் தேய்க்கிறவர்களைப் பார்த்துத்தான் தோன்றியது என்று அவளே நம்பினாள். தான் பட்ட பாடு ஞாபகம் இருக்கும், பிள்ளை வாயிலிருந்து விழுந்தது ஞாபகம் இருக்காது. போன செவ்வாய்க்கிழமை கதவு குரங்குக்குச் சாத்தினதுதான் என்றும் பிள்ளைகள் சொல்லின. அன்று சித்ரா டீச்சர் வாய்ப்பாடு நடத்தினார்களாம்.

அவள் ஸ்வாதியைத் தூக்கவில்லை, கொஞ்சவில்லை. தப்பு ஒம்மேல இல்லம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். சீல் குத்தின அந்தக் கடைசி வரிதான் கண்ணுக்குள் நின்றது.

மத்தியானமே அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத் தென்காசிக்குப் பறந்தாள். உமாசங்கர் டைரியை வாங்கி முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

“பிள்ளை சொன்னத நீங்க எழுதுனீங்களா, நீங்க எழுதுனதுக்கு இப்ப பிள்ளையச் சாட்சி சொல்லச் சொல்லுதீங்களா? டைரியும் ஒங்க கையெழுத்துதானே டீச்சர்.”

நியாயமான கேள்விதான். மூன்று நாளாய் அவள் அடுத்தவள்மேல் கேட்ட கேள்விகளைவிட எவ்வளவோ நியாயம். அவளுக்குக் கோபம்கூட வரவில்லை. என் வகுப்பு மார்க்கை முழுசாக அடித்துவிடுங்கள், வேறு ஆள் எழுதின அட்டையை வைத்து மறுபடி சோதியுங்கள், என்னைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள் என்று அங்கேயே உட்கார்ந்து இன்னொரு விளக்கம் எழுதினாள். அட்டையின் பின்னால் ‘பாடம் எழுதியவர்’ என்ற இடத்தில் தன் பேரை அடித்துவிட்டு, ஸ்வாதி, மூன்றாம் வகுப்பு என்று எழுதினாள். எழுதி முடித்துத்தான் கேட்டாள், நேற்றுக் கொடுத்த கடிதத்தைத் திருப்பித் தர முடியுமா என்று.

பதிவேட்டில் ஏறினது ஏறினதுதான், கிழிக்க முடியாது என்றார் உமாசங்கர். அதோடு அந்த வரியைப் பார்த்துவிட்டு நேற்று ராத்திரியே ஜெயசித்ராவுக்குப் போன் போட்டு வாசித்துக் காட்டியதாகவும், காலையில் வந்து அவளும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனதாகவும் சொன்னார். கோப்பைத் திருப்பிக் காட்டினார். உருண்டை உருண்டையான கையெழுத்து. ஏழு வருசமாய் வருகைப் பதிவேட்டில் தன் பேருக்குக் கீழே பார்க்கிற கையெழுத்து.

‘கடையில் அட்டைக் கவர் என் கையில் இருந்தது உண்மை. நான் பிரிக்கவில்லை. கவரைச் சங்கரேஸ்வரி அக்கா ஒட்டித்தான் தந்தார்கள், பிரித்திருந்தால் அவர்களுக்கே தெரிந்திருக்கும். அவர்களும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் அப்படிப்பட்டவர் அல்ல. பிள்ளைகளுக்கு வேறு ஏதோ வகையில் தெரிந்திருக்கிறது. விசாரித்தால் அக்கா பேர் கெடாமல் விசாரிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.’

தன்னைக் காட்டிக்கொடுத்த வரியைக் காதால் கேட்ட பிறகு எழுதினது அது. கவரை ஒட்டிக் கொடுத்தது சங்கரேஸ்வரிக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமையிலிருந்து எத்தனை தடவை அந்தக் கடையை மனசுக்குள் போய்ப் பார்த்தாள், ஒட்டின கவரை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. மேசைமேல் தலையைக் கவிழ்த்து அழுதாள். கிளார்க் மின்விசிறியைக் கூட்டி வைத்தார், வேறென்ன செய்வார் பாவம்.

புதன்கிழமை ஜெயசித்ரா டவுன் பஸ்சில் இவளுக்கு முன்னாலேயே பள்ளிக்கூடம் வந்திருந்தாள். மத்தியானம் சங்கரேஸ்வரி அவளைத் தனியாகக் கூப்பிட்டு, தப்புப் பண்ணிட்டேன் சித்ரா, புத்தி கெட்டுப்போச்சு என்று கையைப் பிடித்தாள். ஜெயசித்ரா கையை உதறவில்லை. பரவால்லக்கா, நான் கூட வந்தது உண்மைதானே, உள்ளதத்தான எழுதுனீங்க என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

வியாழக்கிழமை மறுசோதனை. வேறு யாரோ எழுதின ஆட்டுக்குட்டிப் பாடம். இருபத்திரண்டில் பன்னிரண்டு பேர் சரியாக வாசித்தார்கள். ஸ்வாதி எட்டு வரியில் ஐந்து வரிதான் வந்தாள், விரலை எழுத்துக்கு எழுத்து வைத்து, திக்கித் திக்கி. ஆனால் ஒரு தடவைகூடத் தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்க்கவில்லை. உமாசங்கர் கூட இருந்து பார்த்தார். போகும்போது சங்கரேஸ்வரியிடம், ஒங்க பேர்ல தப்பில்லன்னு எழுதி முடிச்சுருதேன், குழு மட்டும் இந்த வருசம் வேண்டாம் என்றார். மாதக் கூட்டத்தில் பேச்சு எழாது. ஒரு வாரமாய்த் தூங்கவிடாமல் அடித்த காரியம் நல்லபடியாக முடிந்துவிட்டது. சந்தோசம்தான் வரவில்லை.

வெள்ளிக்கிழமை காலை பயங்கரமான சாரல். டவுன் பஸ் வரவில்லை போல, பூக்கடை முன்னால் ஜெயசித்ரா குடையை மடக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். சங்கரேஸ்வரி வண்டியை நிறுத்தினாள். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு அவள் ஏறினாள். காசிமேஜர்புரம் தாண்டுகிற வரைக்கும் இரண்டு பேரும் ஒரு வார்த்தை பேசவில்லை. தாங்கமாட்டாமல் சங்கரேஸ்வரியே ஆரம்பித்தாள். நாத்தனார் வளைகாப்பு எப்படிப் போச்சு என்று கேட்டாள்.

“நல்லா போச்சுக்கா” என்றாள் ஜெயசித்ரா. கொஞ்ச தூரம் போனதும், மழைச் சத்தத்துக்கு மேலே, கோபமே இல்லாத குரலில் சொன்னாள். “முன்ன மாதிரி வாய்க்கு வந்ததப் பேச இப்ப யோசனையா இருக்கு. நீங்க எல்லாத்தையும் எழுதி வப்பீங்கள்லா.”

பழைய குற்றாலம் ரோட்டில் குண்டும் குழியும். ஒரு பள்ளத்தில் வண்டி இறங்கி ஏறியது. சங்கரேஸ்வரி தன்னையறியாமல் வலது தோளைக் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தாள், ஏழு வருசப் பழக்கம். கண்ணாடியில் பார்த்தாள். ஜெயசித்ரா இரண்டு கையாலும் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற கம்பியைப் பிடித்திருந்தாள்.